காத்தடிக்கிற கொல்லைக்கு எந்த மரம், எந்த ரகம்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. நம்ம குழுக் கூட்டத்துல பாயில உட்கார்ந்து பேசுற மாதிரியே பேசிடுறேன். எனக்குக் கொடுத்த தலைப்பு வீட்டுத் தோட்டம். கீரை, கத்திரி, வெண்டை பத்தியெல்லாம் பயிற்சியிலேயே நல்லா சொல்லிட்டாங்க. அதனால நான் பழ மரம், காய் மரம் பத்தி மட்டும் பேசுறேன். அதுலயும் ஒரே ஒரு விஷயத்தை வச்சுத்தான் பேசப் போறேன். அது காத்து.

நம்ம வேதாரண்யம் பக்கத்துக்கு வருஷத்துல ரெண்டு காத்து. ஆனி, ஆடியில மேற்கே இருந்து வர்ற காத்து நாள் முழுக்க அடிக்கும். மணலை வாரி இறைக்கும், பிஞ்சை உதிர்க்கும், வாழை இலையை நார் நாராக் கிழிக்கும். ஐப்பசி, கார்த்திகையில கடல்ல இருந்து வர்றது வேற மாதிரி. அது வந்தா ஒரு ராத்திரிதான், ஆனா ஒரு தலைமுறை மரத்தை எடுத்துட்டுப் போயிடும். 2018 நவம்பர் 16 அதிகாலையில கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை கடந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல காத்து. இங்க மட்டுமா, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் தென்னை படுத்துடுச்சு.

அதுக்கப்புறம் எல்லாரும் திரும்ப மரம் வச்சோம். ஆனா எந்த மரம் வைக்கிறதுன்னு யோசிச்சு வச்சவங்க எத்தனை பேர்? கிடைச்ச கன்னை வச்சோம். பக்கத்து வீட்டுல வச்சதை நாமளும் வச்சோம். எது நிறைய காய்க்கும்னு கேட்டோம். எது நிக்கும்னு கேட்கலை. இன்னைக்கு நான் சொல்ல வர்றது இதுதான்: காத்தடிக்கிற ஊர்ல ரகத்தை விளைச்சலைப் பார்த்து மட்டும் எடுக்கக் கூடாது. நின்னாத்தானே காய்க்கும்?

இது ஏன் நம்ம கூட்டத்துல பேச வேண்டிய பேச்சுன்னா, வயல்ல என்ன போடுறதுன்னு முடிவு பண்றது பெரும்பாலும் வீட்டு ஆம்பளைங்க. கொல்லையில என்ன வைக்கிறதுங்கிறது நம்ம முடிவு. பத்து முருங்கைக்காய், நாலு சீப்பு வாழைப்பழம், ஒரு கூடை கொய்யான்னு வித்த காசு நம்ம கையில நிக்கும். குழு சேமிப்பு அதுல இருந்து வரும். வித்தது போக மிச்சம் பிள்ளைங்க வாய்க்குப் போகும். அந்த மரம் சாஞ்சா சேமிப்பும் சாயும். ஓட்டு மேல சாஞ்சா வீடும் போகும்.

சரி, எப்படித் தேர்ந்தெடுக்கிறது? நான் மூணு கேள்வி வச்சிருக்கேன். எந்தக் கன்னை வாங்கினாலும் இந்த மூணையும் கேளுங்க.

முதல் கேள்வி: இந்த மரத்துக்குக் கீழ என்ன வேர் இருக்கு?

விதை போட்டு முளைச்ச மரத்துக்கு ஆணிவேர் உண்டு. போத்து நட்டு வளர்ந்த முருங்கைக்கோ, பதியன் போட்டு எடுத்த கொய்யாவுக்கோ ஆணிவேர் கிடையாது. பக்கவேரை வச்சுத்தான் நிக்கும். அதுக்காக பதியன் கன்னு வேணாம்னு சொல்லலை. சீக்கிரம் காய்க்கும், தாய் மரத்தோட குணம் மாறாம வரும். ஆனா அதுக்கு ஆரம்பத்துல ரெண்டு வருஷம் முட்டுக் குச்சி வேணும்னு தெரிஞ்சு வாங்கணும்.

ஒட்டுக் கன்னுன்னா மேல ஒரு மரம், கீழ ஒரு மரம். நாம மேல உள்ள பேரை மட்டும் கேட்குறோம். கீழ உள்ளதையும் கேட்கணும். இதுக்கு நம்ம ஊர்லயே நல்ல உதாரணம் இருக்கு. கோடியக்கரை காட்டுல பாலை மரம் பார்த்திருப்பீங்க. கடல் காத்தையும் மணலையும் தாங்கிக்கிட்டு நிக்கிற மரம். அந்தப் பாலைக் கன்னு மேலதான் சப்போட்டாவை ஒட்டுக் கட்டுறாங்க. மேல சப்போட்டா, கீழ நம்ம காட்டுப் பாலை! எங்க மாமியாருக்கு இதைச் சொன்னப்ப, "பாலையா? அதை உலக்கை செய்யத்தான் வெட்டுவாங்க, அவ்வளவு வைரம்"னு சொன்னாங்க. அப்படிப்பட்ட வேர் மேல நிக்கிற மரம் நம்ம கொல்லைக்கு ஏத்த மரம்தானே.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு உயரம் போகும்?

மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு காத்தைப் பிடிக்கும். உயரத்துல காய் சுமக்குற மரம் தலைச்சுமையோட நடக்குற மாதிரி, தள்ளினா நிலை தடுமாறிடும். தாழ்வா, அகலமா படர்ற ரகம் காத்தை மேலே விட்டுடும். பறிக்கிறதும் சுலபம். ஆளைக் கூப்பிட்டு ஏத்த வேண்டாம், நாமளே பறிச்சிடலாம்.

மூணாவது கேள்வி: காத்து மாசத்துல இது காய் சுமந்துக்கிட்டு நிக்குமா?

மா மரம் பெரும்பாலும் தை, மாசியில பூத்து சித்திரை, வைகாசியில பழுக்கும். புயல் மாசத்துல அதுல காய் பாரம் இல்லை. வாழை அப்படி இல்லை. நாம நடுற மாசத்தைப் பொறுத்து, சரியா கார்த்திகையில குலையோட நின்னாலும் நிக்கும். அதனால வாழைக்கு ரகம் பார்த்தா மட்டும் போதாது, மாசமும் பார்க்கணும்.

இப்ப ஒவ்வொரு மரமாப் பார்ப்போம்.

வாழை. வாழை மரமே இல்லை, இலை மடல் ஒண்ணு மேல ஒண்ணு சுத்தி நிக்கிறதுதான் அதோட தண்டு. பூவன், கற்பூரவல்லி உயரமா போற ரகம். ஜி9 அதைவிடக் குட்டை, 7 அடி பக்கம் நிக்கும். காத்துல நேரா அடிபடுற கொல்லைக்குக் குட்டை ரகம் நல்லது. இலைக்காக பூவன்தான் வேணும்னா, வீட்டுச் சுவர் காத்தை மறைக்கிற பக்கமா வையுங்க. கிழிஞ்ச இலையை யாரும் வாங்க மாட்டாங்க. ஜி9 நட்டு 11, 12 மாசத்துல வெட்டுக்கு வரும். வைகாசி, ஆனியில நட்டா ஐப்பசியில அது குலை தள்ளாத இளங்கன்னு, பாரம் கிடையாது. தை, மாசியில குலை தள்ளி, ஆடிக் காத்து வர்றதுக்கு முன்னாடி வெட்டிடலாம். பூவனுக்கு இன்னும் ஒண்ணு ரெண்டு மாசம் கூட ஆகும், அதனால பங்குனி, சித்திரையிலேயே நடணும். அடுத்த பட்டத்துக்குப் பக்கக்கன்னு விடும்போதும் இதே கணக்குப் பார்த்து ஒரு கன்னை மட்டும் விட்டு மத்ததை எடுத்துடுங்க. குலை வந்ததும் சவுக்குக் கழி ரெண்டை எக்ஸ் மாதிரி கட்டி முட்டுக் கொடுங்க. சவுக்குக்கு நம்ம பக்கத்துல பஞ்சமா?

முருங்கை. காத்துல முதல்ல ஒடியுறது இதுதான். "முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்"னு பழமொழி சொல்வாங்க. பிள்ளையை அடிக்கிறதை விட்டுடுவோம், அது தப்பு. முருங்கையை ஒடிக்கிறது ரொம்ப சரி. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில இருந்து வந்த பி.கே.எம்.1 விதை போட்டு வளர்க்குற ரகம். ஆணிவேர் இருக்கும், ஆறு மாசத்துல காய்க்க ஆரம்பிக்கும். செடி இரண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளிடணும். பக்கக் கிளை வந்து புதர் மாதிரி நிக்கும். கைக்கு எட்டுற உயரத்துலயே காய்க்கும். காய் ஓய்ஞ்சதும் புரட்டாசிக்குள்ள தரையில இருந்து 3 அடி விட்டு சாய்வா வெட்டி, வெட்டின இடத்துல சாணியை அப்பிடுங்க. புயல் வரும்போது அங்க ஒடியறதுக்கு ஒண்ணுமே இருக்காது. மழை விட்டதும் தழைச்சிடும். தண்ணி தேங்கினா அழுகிடும், அதனால மேடு கட்டி வையுங்க.

கொய்யா. நம்ம கொல்லைக்கு நான் முதல்ல சொல்ற பழ மரம் இதுதான். கிளை சட்டுன்னு ஒடியாது, வளைஞ்சு கொடுக்கும். அலகாபாத் சபேதா உயரமா போகும். லக்னோ 49 தாழ்வா படர்ந்து வளரும். காத்து ஊருக்கு லக்னோ 49 கேட்டு வாங்குங்க. புதுத் துளிர்லதான் கொய்யா காய்க்கும். அதனால வருஷா வருஷம் வெட்டி விட்டா மரமும் தாழ்வா இருக்கும், காயும் வரும். முதல் ரெண்டு வருஷம் முட்டுக் குச்சியை மறக்காதீங்க.

சப்போட்டா. மெதுவாத்தான் வளரும். வச்சு மூணு நாலு வருஷம் காத்திருக்கணும். ஆனா ஒரு தடவை வேர் பிடிச்சா லேசுல அசையாது. உப்புக் காத்தையும் ஓரளவு தாங்கும். பி.கே.எம்.1 கேட்டு வாங்கலாம். 25 அடி இடம் விடணும், சின்ன கொல்லைன்னா ஒரு மரம் போதும். ஒட்டுக்குக் கீழ பாலையில இருந்து வர்ற துளிரை உடனே கிள்ளிடணும். இல்லேன்னா பாலை மேலே வந்து சப்போட்டாவை அமுக்கிடும்.

மா. ரொம்ப பெருசா போற ரகம் வீட்டுப் பக்கத்துல வேண்டாம். நீலமும் தசேரியும் சேர்த்து உண்டாக்கின அம்ரபாலி குட்டையான ரகம், சின்ன இடத்துக்குப் பொருந்தும். ஒட்டுக் கட்டின இடம் மண்ணுக்கு மேல இருக்கணும். அந்த இடம் இளங்கன்னுல பலமில்லாத இடம், காத்துல அங்கதான் முறியும். முட்டுக் குச்சியில அந்த இடத்துக்கு மேலயும் ஒரு கட்டுப் போடுங்க.

எலுமிச்சை. 15 அடிக்குள்ள அடர்ந்து நிக்கும், அதனால காத்துக்கு நல்ல மரம்தான். ஆனா காத்தும் மழையும் சேர்ந்து அடிச்சா முள் குத்தின காயத்துல சொறி நோய் பரவும். அதனால இதைக் கொல்லை ஓரத்துல வைக்காம உள்பக்கமா வையுங்க.

பப்பாளி. தண்டு உள்ளே கூடு, வேரும் மேலாகத்தான் ஓடும். ரெண்டு நாள் தண்ணி நின்னாலே போயிடும். அதை ரெண்டு மூணு வருஷப் பயிரா நினைச்சு மேட்டுல வையுங்க. கோ.7 மாதிரி ரகத்துல ஆண் மரம் வராது, வச்ச கன்னு வீணாகாது.

கடைசியா தென்னை. இதுல எங்க வீட்டுலயே வாக்குவாதம் நடந்துச்சு. "தென்னை இல்லாத கொல்லையும் ஒரு கொல்லையா? தினம் ஒரு தேங்கா கடையிலயா வாங்குறது?"ன்னு எங்க மாமியார். அவங்க சொன்னதுலயும் நியாயம் இருக்கு. நெட்டை ரகம் 60 அடிக்கு மேல போகும். வீட்டுல இருந்து அந்த உயரத்துக்குத் தள்ளி வைக்க ஆறு சென்ட்ல ஏது இடம்? குட்டை ரகம் மூணு நாலு வருஷத்துல காய்க்கும். ஆனா நெட்டைக்கு இருக்கிற மாதிரி அடி பருத்து இருக்காது. காத்தை ஜெயிக்கிற தென்னைன்னு எதையும் நம்பி வீட்டு ஓரத்துல வைக்க முடியாது. பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். வேலி ஓரமா, விழுந்தா வீடு பக்கம் எட்டாத இடத்துல ஒரே ஒரு குட்டைத் தென்னை, 3 அடி ஆழக் குழியில. மத்த இடமெல்லாம் தாழ்ந்த மரம். மாமியாருக்குத் தேங்கா, எனக்கு நிம்மதி.

இனி மரம் எதுவானாலும் செய்ய வேண்டிய நாலு வேலை இருக்கு.

ஒண்ணு, கன்னு வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்காதீங்க. பை சின்னதா, கன்னு உயரமா இருந்தா உள்ளே வேர் சுருண்டு கிடக்கும். சுருண்ட வேர் நட்ட பிறகும் சுருண்டேதான் வளரும், பிறகு ஒரு நாள் மரம் அடியோட புரளும். முழங்கால் உயரம் உள்ள திடமான கன்னு போதும். வேர் லேசா சுத்தியிருந்தா நடும்போதே பிரிச்சு விடுங்க.

இரண்டு, மழை ஓய்ஞ்ச தையில நட்டா ஐப்பசி வர்றதுக்குள்ள ஒன்பது மாசம் வேர் ஓட நேரம் கிடைக்கும். கோடையில தண்ணி ஊத்தணும்தான், அரிசி கழுவுற தண்ணி, காய் கழுவுற தண்ணியெல்லாம் அதுக்குப் போகட்டும். வேர் பிடிச்ச பிறகு தினம் ஒரு சொம்பு ஊத்துறதைவிட, நாலு நாளைக்கு ஒரு தடவை நிறைய ஊத்துறது நல்லது. தண்ணி ஆழமா இறங்கினா வேரும் ஆழமா இறங்கும். அடியில ஊத்தாம கொஞ்சம் தள்ளி வட்டமா ஊத்துங்க. குழியில வண்டல் மண்ணும் மக்கின எருவும் போட்டா மணல்ல ஈரம் நிக்கும்.

மூணு, முட்டுக் குச்சி கட்டும்போது கயிறு வேண்டாம், பட்டையை அறுக்கும். பழைய புடவைக் கிழிசலை எட்டு மாதிரி சுத்திக் கட்டுங்க. பொதுவா மரத்தோட மூணுல ஒரு பங்கு உயரத்துல, கொஞ்சம் தளர்வா கட்டணும். தண்டு லேசா ஆடினாத்தான் பலப்படும். இறுக்கிக் கட்டி வளர்த்த மரம் குச்சியை எடுத்ததும் சாயும்.

நாலு, வேலி. மதில் சுவர் காத்தை நிறுத்தும்னு நினைப்போம். ஆனா காத்து சுவரைத் தாண்டி மேலே ஏறி, அந்தப் பக்கம் சுழிச்சுக்கிட்டு விழும். உயிர்வேலி அப்படி இல்லை. காத்தைச் சல்லடை மாதிரி வடிகட்டி, வேகத்தைக் குறைச்சு விடும். வேலி எவ்வளவு உயரமோ அதைப் போல பத்து மடங்கு தூரத்துக்குப் பலன் இருக்கும். 6 அடி வேலி இருந்தா சுமார் 60 அடி தூரத்துக்குச் செடிக்குப் பாதுகாப்பு. கிளுவை, நொச்சி, ஆடாதோடை எல்லாம் காசு கொடுக்காம கிடைக்கிறதுதான். ஒரு போத்து கேட்டா யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. வேலி ஓரத்துல ஒரு பனங்கொட்டையும் போட்டு வையுங்க. கஜாவுல எது விழுந்தாலும் பனை பெரும்பாலும் நின்னதை நாம எல்லாரும் பார்த்தோம். அது நம்ம காலத்துக்கு இல்லை, பேரப் பிள்ளைங்க காலத்துக்கு.

புயல் எச்சரிக்கை வந்தா பயந்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. கையில ஒரு நாள் இருக்கும். தென்னையில முத்தின காயையும் கீழ் மட்டையையும் இறக்கிடணும். வாழையில கீழ் இலையை அறுத்து எடுத்துட்டு அடியில மண் அணைக்கணும். அடர்ந்த மரத்துல உள்கிளையைக் கழிச்சு காத்து போக வழி விடணும். தண்ணி வடிய வாய்க்கால் வெட்டணும். மரம் விழறதுக்குக் காத்து மட்டும் காரணம் இல்லை. முதல்ல மழை மண்ணை ஊற வச்சு இளக்கும், அப்புறம் காத்து தள்ளும். இதையெல்லாம் ஒரே ஆள் செய்ய முடியாது. அதுக்குத்தானே குழு இருக்கு? பன்னிரண்டு பேர் சேர்ந்தா ஒரு பகல்ல பன்னிரண்டு கொல்லையையும் முடிச்சிடலாம்.

நிறைவா ஒரு கோரிக்கை. வர்ற தையில நம்ம குழுக்கள் எல்லாம் சேர்ந்து கன்னு வாங்குறதுன்னு பேச்சு நடக்குது. மொத்தமா வாங்கினா விலை குறையும், நல்லதுதான். ஆனா எல்லா வீட்டுக்கும் ஒரே கன்னைக் கொடுத்துடக் கூடாது. ஒருத்தர் கொல்லை கடலைப் பார்த்து இருக்கும், ஒருத்தர் கொல்லை வீட்டு மறைவுல இருக்கும். ஒருத்தருக்கு பத்து சென்ட், ஒருத்தருக்கு ரெண்டு சென்ட். அதனால மார்கழிக் கூட்டத்துல ஒவ்வொரு உறுப்பினரும் தன் கொல்லையை ஒரு தாள்ல வரைஞ்சு கொண்டு வரணும். மேற்குக் காத்து எந்தப் பக்கம், கடல் காத்து எந்தப் பக்கம், வீடு எங்க, மின்கம்பி எங்க, தண்ணி எங்க தேங்குதுன்னு குறிக்கணும். எழுத வராத அக்காமார்களுக்குப் பக்கத்துல இருக்கிற தங்கச்சி வரைஞ்சு கொடுக்கட்டும். அதைப் பார்த்துப் பட்டியல் போட்டு, ரகத்தோட பேரையும் ஒட்டா, பதியனா, விதைக் கன்னாங்கிறதையும் எழுதி வாங்குவோம். ஒரே மரத்தை நம்பாம, ஒவ்வொரு கொல்லையிலயும் சீக்கிரம் காய்க்கிறது ஒண்ணு, நின்னு காய்க்கிறது ஒண்ணுன்னு ரெண்டு வகையாவது இருக்கட்டும். இதைத் தீர்மானமா எழுதணும்னு கூட்டமைப்பைக் கேட்டுக்கிறேன்.

காத்தை நாம நிறுத்த முடியாது. எந்த மரத்தை அதுக்கு முன்னால நிறுத்துறதுங்கிறது நம்ம கையில இருக்கு.